பனிக்குவியலில் ஒரு ரோஜாத் தொட்டி

ரோஜாவைக் குளிர்தான் கொல்லும் என்று பொதுவாக நினைக்கிறார்கள். பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கும் எங்கள் வடக்கு ஊர் லாஹ்தியில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஹெல்லெவி குளிர்காலம் முழுக்கப் பயந்தது வெப்பத்துக்கு. தொட்டி ரோஜா மே மாதம்வரை தூங்கியாக வேண்டும். நடுவில் விழித்து வெளிறிய தளிர்களை நீட்டினால், இருக்கிற பலத்தை எல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டுச் செத்துப்போகும்.

தொட்டிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்: ஹெல்லெவியும், அதே கட்டடத்தில் அடுத்த வாசல் பக்கம் குடியிருக்கும் அவளுடைய முன்னாள் கணவன் தைஸ்தோவும். வீடு, படகு எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டவர்கள், ரோஜாவை மட்டும் பருவப்படி பிரித்தார்கள். கோடையில் அவனுடைய தெற்குப் பார்த்த பால்கனி. குளிர்காலத்தில் நிலவறையில் அவளுடைய சேமிப்பறை. தொட்டி கைமாறும் இரண்டு நாட்களில் மட்டும்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

"ஒரு தடவ வாடி வந்துச்சுன்னா, அப்புறம் வருஷம் பூரா எங்கிட்டதான்," என்று அந்தக் குளிர்காலம் தொடங்கிய அக்டோபரில் தைஸ்தோ சொன்னான்.

"நீ வளத்த நாயே உன்ன விட்டுட்டு எங்கிட்ட வந்துச்சு. பேச வந்துட்டான்."

பிப்ரவரியில் குழாய் மாற்றும் வேலை நடந்தது. நிலவறைச் சுவர் காய்வதற்கு வெப்பக்காற்று இயந்திரம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். ஹெல்லெவி பார்த்தாள். அணைக்கச் சொல்லலாம்தான். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் போய் ஒன்றைக் கேட்பதற்கு எங்கள் ஊரில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம். அவர்களாகவே அணைப்பார்கள் என்று ஒரு வாரம் மரியாதையாகக் காத்திருந்தாள். மூன்று கிளைகளிலும் வெள்ளைத் தளிர் வந்துவிட்டது.

வெளியே மைனஸ் பதினெட்டு. வீட்டுக்குள் இருபத்தொன்று. ரோஜா தூங்குவதற்கு வேண்டிய, பூஜ்யத்தை ஒட்டிய குளிர் பனிக்கு அடியில்தான் உண்டு. தளிர்களை நறுக்கி, தொட்டியைச் சாக்கில் சுற்றி, பெட்டியில் வைத்துச் செய்தித்தாள் திணித்து, முற்றத்து மூலையில் ஆளுயரப் பனிக்குவியலைக் குடைந்து புதைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தைஸ்தோவிடம் சொல்கிற பேச்சே இல்லை.

அந்தக் குவியல் தைஸ்தோவின் கார் நிறுத்துமிடத்தில் பாதியை விழுங்கியிருந்தது. அவன்தான் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், குடியிருப்பின் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் ஹெல்லெவியின் முறை. நீராவிக்குள் இருந்தவளுக்கு முற்றத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. குளியலங்கியைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலை பூட்ஸில் திணித்து ஓடிவந்து, டிராக்டரின் பனி அள்ளும் வாளிக்கு முன்னால் நின்றாள். உடம்பெல்லாம் ஆவி பறந்தது.

"அம்மா, நகருங்க. லாரி நிக்குது," என்றான் டிராக்டர்காரன்.

"மாட்டேன்."

"தலைவர்தான் அள்ளச் சொன்னாரு."

"அப்ப தலைவரயே வரச் சொல்லு."

வந்தான். நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், காற்று வேண்டியிருந்தது.

"என்ன கோலம் இது? வெறச்சுப் போயிருவ."

"உள்ள ரோஜா இருக்கு."

தைஸ்தோ குவியலைப் பார்த்தான். கால்வாசி ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்தது.

"எந்தப் பக்கம்?"

"தெரியல. அப்புறம் ரெண்டு தடவ பனி கொட்டிருச்சு."

கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டுவிட்டு, மண்டியிட்டுக் கையால் தோண்டினான்.

"மெதுவா."

"தெரியும்."

"தெரிஞ்சவன்தான் டிராக்டரக் கூப்டானா?"

பெட்டி தட்டுப்பட்டது. திறந்து சாக்கை விலக்கினான். கையுறையைக் கழற்றி, முதல் கிளையின் அடியை நகத்தால் கீறினான். பழுப்பு. இரண்டாவதும் பழுப்பு. ஹெல்லெவி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் நூல்போல ஒரு பச்சை.

"உயிர் இருக்கு," என்றான்.

"அப்ப மூடு. காத்து படுது."

மூடினான். டிராக்டர் திரும்பிப் போனது. குவியல் கரையும்வரை தைஸ்தோ காரைத் தெருவில் நிறுத்திக் கண்ணாடியில் பனி சுரண்டினான். ஏன் இன்னும் அள்ளவில்லை என்று கூட்டத்தில் கேட்டவர்களிடம், "பரிசீலனைல இருக்கு," என்றான்.

ஜூலையில் அந்த ஒற்றைக் கிளையில் இரண்டு பூ.

அக்டோபரில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஹெல்லெவியின் கதவைத் தட்டினான். அக்குளில், பனியில் சாலை விளிம்பு தெரிவதற்காக நடுகிற சிவப்பு முனைக் குச்சி ஒன்று.

"இது எதுக்கு?"

"பொதைக்கிற எடத்துல நட்டு வை."