கடற்கரையில் வைத்த கொடுவா குழம்பு

பேத்திக்கு மொட்டை போட நாகூர் போனோம். அறுவடை முடிந்து வயலில் உளுந்து பூத்திருந்த சமயம். பிள்ளைக்குப் பதினொன்றாம் மாதம். இதை விட்டால் அடுத்த ஒற்றைப்படை மாதம் பதின்மூன்றுதான், அதுவரை முடியை வைத்திருக்கக் கூடாது என்று என் மனைவி சொன்னாள்.

வேண்டுதல் எங்களுடையது இல்லை. சம்பந்தியம்மாவுடையது. என் பெண் மாசமாக இருந்தபோது, தாயும் பிள்ளையும் நல்லபடி பிழைத்தால் நாகூர் தர்காவில் முதல் முடி இறக்குகிறேன் என்று அவர் வேண்டிக்கொண்டார். மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார். அவர்தான் போனில் நாள் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை. அம்மா பஸ்ஸில் நேரே நாகூர் வந்துவிடும், நீங்களும் வந்துவிடுங்கள் என்றார். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து போவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்க முடியாததற்குக் காரணம் நான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாற்றுத் தண்ணீர் எங்களுக்கு முதலில் வரும். கோடையில் ஆறு காய்ந்தாலும் அடிபம்பை நாலு அடி அடித்தால் நல்ல தண்ணீர் கொட்டும். பெண்ணைக் கொடுத்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. கடைமடை. ஆற்றுத் தண்ணீர் அங்கே கடைசியாகப் போய்ச் சேரும். சில வருஷம் சேராது. நிலத்துக்கு அடியில் உப்பு. குடிக்கிற தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் வரும். பெண் கேட்டு வந்தபோதே, உப்புத் தண்ணீர் ஊருக்கா கொடுக்கிறாய் என்று பங்காளிகள் கேட்டார்கள். மாப்பிள்ளை நல்லவர். கொடுத்தேன்.

பேத்தி பிறந்து முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டோம். சம்பந்தியம்மா ஒரு வேன் ஆட்களோடு வந்தார். வாய்க்காலில் பிடித்த விரால் நாலு கிடைத்தது. நானே குழம்பு வைத்தேன். எங்கள் வீட்டு விசேஷத்தில் சமையலுக்கு யார் வந்தாலும் மீன் சட்டி என் கையில்தான் இருக்கும்.

சம்பந்தியம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, கொஞ்சம் மண்வாடை அடிக்கிறது என்று என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். கடல் மீன் சாப்பிட்டுப் பழகியவர். சொன்னதில் தப்பில்லை. எனக்குக் காதில் விழுந்துவிட்டது.

"உப்புத் தண்ணியில வாய் கொப்புளிக்கிறவங்களுக்கு விரால் ருசி எங்கேர்ந்து தெரியும்" என்றேன்.

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் அது வெறும் பேச்சாகப் போயிருக்கும். சம்பந்தியம்மா இலையை மூடினார். கை கழுவினார். பிள்ளையின் கையில் தான் போட்ட வளையலைச் சரிசெய்துவிட்டு வேனில் ஏறினார்.

ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவது முறை. ஐந்தாம் மாதம் வரவில்லை. ஏழாம் மாதம் வரவில்லை. ஒன்பதாம் மாதமும் போயிற்று. மாப்பிள்ளை தினமும் போனில் பிள்ளையைப் பார்ப்பார். அழைத்துப் போவதைப் பற்றி அவர் பேச்சை எடுக்கவே இல்லை. அம்மாவுக்கும் மாமனாருக்கும் நடுவில் அவர் என்ன செய்வார்.

நீயாகவே போயிடேன் என்று ஒருநாள் என் மகன் தங்கையிடம் சொன்னான்.

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படிண்ணே போறது?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க பேசினதுக்கு நான் உக்காந்திருக்கேன்ப்பா."

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு வயலில் வேலை இல்லை.

அதனால் நாகூர் போகும்போது எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. சம்பந்தியம்மா வாயால் என் பெண்ணை வா என்று ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும். அதை எப்படி வரவழைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. மீன் குழம்பு வைக்கத் தெரியும். மொட்டை போட்டதும் கடற்கரைக்குப் போய், அன்றைக்குப் பிடித்த மீனாகப் பார்த்து வாங்கி, அங்கேயே குழம்பு வைத்து அவருக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் சொன்னேன்.

"வாயத் தொறக்காம வச்சுப் போடுங்க" என்றாள்.

சோறு வடித்து அடுக்கில் எடுத்துக்கொண்டாள். மண்சட்டி, அரிவாள்மனை, புளி, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், வடகம், வாழை இலை எல்லாம் வேனில் ஏறின. விரால் கழுவுகிற பழக்கத்தில் நான் ஒரு பொட்டலம் அடுப்புச் சாம்பலும் கட்டிக்கொண்டேன். தண்ணீர் எடுக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு பாட்டில் வெந்நீர், அவ்வளவுதான். எங்கள் ஊரில் யாரும் தண்ணீரைச் சுமந்துகொண்டு வெளியூர் போவதில்லை.

சம்பந்தியம்மா எங்களுக்கு முன்பே வந்து தர்கா குளத்தருகே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கூடை, ஐந்து லிட்டர் கேன் இரண்டு. எங்களைப் பார்த்து, வாங்க என்றார். என் பெண்ணை, வந்தியா என்றார். பிள்ளையைக் கைநீட்டி வாங்கினார். பத்து மாதம் பார்க்காத முகம். பிள்ளை வீறிட்டது. கொஞ்ச நேரம் தட்டிக்கொடுத்துப் பார்த்தார். நிற்கவில்லை. திருப்பி என் பெண்ணிடமே கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை அடித்தார்கள். என் மகன் பிள்ளையை விடக் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தான். முடி இறக்கியதும் சம்பந்தியம்மா கேனைத் திறந்து துணியை நனைத்துத் தலையைத் துடைத்துவிட்டார். கண்ட தண்ணீர் பட்டால் எரியும் என்றார். பஸ்ஸில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. சந்தனம் தடவினோம்.

கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கொஞ்சம் தள்ளிப் போனால் பனைமரங்கள் இருக்கும், படகு வந்து ஒதுங்கும். அங்கே போனோம். ஒரு படகிலிருந்து வலையை இறக்கி மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொடுவா ஒன்று கிடந்தது, மூன்று கிலோ இருக்கும். எங்கள் ஊரில் மீன் துள்ளினால்தான் வாங்குவோம். இது துள்ளவில்லை. நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

"செவுளத் தூக்கிப் பாருங்க" என்று பின்னாலிருந்து சம்பந்தியம்மா சொன்னார். தூக்கினேன். ரத்தச் சிவப்பு. வாங்கினேன்.

மகன் மூன்று கல் வைத்து பனமட்டை கூட்டி அடுப்பு மூட்டினான். மனைவியும் பெண்ணும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காலை நனைத்தார்கள். அலை வந்து போகும்போது காலுக்கடியில் மணல் நழுவுவதைப் பார்த்துப் பேத்தி கத்திச் சிரித்தது. சம்பந்தியம்மா தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. கடலை அவர் தினம் பார்க்கிறவர். பனைமர நிழலில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

நான் மீனைச் செதில் எடுத்துத் துண்டு போட்டேன். சாம்பல் போட்டு உரசினேன். பக்கத்தில் ஓர் அடிபம்பு இருந்தது. அடித்தேன். நாலாவது அடியில் தண்ணீர் வந்தது, பளிங்கு மாதிரி. அதில் மீனைக் கழுவினேன். அதிலேயே புளியைக் கரைத்தேன். நல்லெண்ணெயில் வடகம் தாளித்து, வெங்காயம் பூண்டு வதக்கி, தூள் போட்டு, புளியை ஊற்றி, கைக்கணக்கில் உப்பும் போட்டேன். குழம்பு நன்றாகக் கொதித்துக் கூடிவந்தது. அதன் பிறகுதான் மீனைப் போட வேண்டும்.

நான் குழம்பை ருசி பார்ப்பதில்லை. வாசனையிலேயே தெரிந்துவிடும். மனைவி கடலிலிருந்து திரும்பி வந்தவள் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். என்னைப் பார்த்தாள். நானும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன்.

உப்பு என்று சொன்னால் போதாது. கசந்தது. பம்புக்குப் போய்த் தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். அதே கசப்பு. ஐம்பத்தெட்டு வயதில் அதுவரை பம்பு என்றால் நல்ல தண்ணீர் என்றுதான் இருந்தேன்.

மகன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "வேன எடுத்துட்டுப் போயி ரெண்டு கேன் தண்ணி வாங்கியாந்துடறேன்ப்பா. பத்து நிமிஷம். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் பாயில் உட்கார்ந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் பெண் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பத்து மாதமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"வேணாம்" என்றேன்.

குழம்பை மணலில் கொட்டினேன். காலிச் சட்டியோடு பனைமரத்தடிக்குப் போனேன்.

"சம்பந்தி, கொஞ்சம் தண்ணி வேணும்."

அவர் சட்டியைப் பார்த்தார். "பம்புத் தண்ணிய ஊத்திட்டீங்களா?"

"ஊத்திட்டேன்."

"அது வலை கழுவப் போட்டதுங்க."

"உப்புத் தண்ணி எப்படி இருக்கும்னு தெரியாமத்தான் அன்னிக்குப் பந்தியில பேசிட்டேன்" என்றேன். இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. வந்துவிட்டது.

அவர் கேன் இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார். ஒன்று முழுசாக இருந்தது, ஒன்று பாதி.

"கொள்ளிடத்துலேர்ந்து கொழாயில வர்ற தண்ணி" என்றார். "உங்க பக்கத்துத் தண்ணிதான். பயப்படாம ஊத்துங்க."

என் பெண் பிள்ளையின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டாள்.

மீனை முதலில் நல்ல தண்ணீரில் அலசினேன். வெங்காயம் எட்டுதான் மிச்சம். வடகம் தீர்ந்துவிட்டது. இருந்ததை வைத்து மறுபடி கூட்டினேன். சம்பந்தியம்மா எழுந்து அடுப்பருகே வந்து நின்றார்.

"நீங்க பம்ப அடிக்கும்போதே பாத்தேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க?"

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் மகன். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மீனைப் போட்டு மூடினேன். விரால் கணக்குக்கு வேக விட்டிருப்பேன். சம்பந்தியம்மா சட்டியைத் துணி பிடித்து இறக்கிவிட்டார். கடல் மீன் இவ்வளவு தாங்காது, கரைந்துவிடும் என்றார். சாம்பல் போட்டதையும் கேட்டார். எதற்கு என்று. பழக்கம் என்றேன்.

பாயில் இலை போட்டுச் சாப்பிட்டோம். குழம்பு சுமார்தான், வடகம் இல்லாத குறை தெரிந்தது. மீன் நன்றாக இருந்தது. சம்பந்தியம்மா வயிற்றுத் துண்டில் முள் பார்த்து, நாலு பருக்கை சோற்றோடு நசுக்கிப் பேத்தியின் வாயில் வைத்தார். பேத்தி அவர் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. அழப்போகிறது என்று நினைத்தோம். சப்பிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. அதன் பிறகு அவர் பேத்திக்குத்தான் ஊட்டிக்கொண்டிருந்தார். தன் இலையில் கடைசியாகச் சாப்பிட்டார். முழுக்கச் சாப்பிட்டு இலையை மூடினார்.

கை கழுவி வந்து என் பெண்ணிடம் சொன்னார்: "அஞ்சாம் மாசத்துக்குன்னு எடுத்த கவுன் நாலு அப்படியே கெடக்கு. இனிமே எங்க பத்தும்."

என் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புதன்கெழம நல்ல நாளா இருக்கு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். துணிமணிய எடுத்து வச்சுக்கிட்டு இரு."

"சரிங்கத்தை."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். மனைவி சட்டியைத் தேய்க்க எழுந்து போனாள். அவள் அழுதால் யாருக்கும் காட்டமாட்டாள்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது சம்பந்தியம்மா என்னிடம், விரால் கிடைத்தால் புதன்கிழமை வைக்கச் சொன்னார். உப்பும் மஞ்சளும் போட்டுத் தானே உரசித் தருவதாகச் சொன்னார், அப்போது வாடை வராதாம். சரி என்றேன். காலி கேன்கள் எங்கள் வேனிலேயே தங்கிவிட்டன. வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம்.

புதன்கிழமை விரால் கிடைக்கவில்லை. வாய்க்கால் காய்ந்துவிட்டது. கெண்டைதான் கிடைத்தது. முள் அதிகம். சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மூன்று மணிக்கு என் பெண்ணும் பிள்ளையும் காரில் ஏறினார்கள். தொட்டில், துணி மூட்டை எல்லாம் ஏற்றினோம். கடைசியாக நான் கேன் இரண்டையும் கொண்டுவந்து சம்பந்தியம்மாவின் காலடியில் வைத்தேன். கனமாக இருப்பதைக் கவனித்தார்.

"என்னது?"

"எங்க பம்புத் தண்ணி. காலையில அடிச்சது."

அவர் ஒரு கேனின் மூடியைத் திருகி உள்ளே பார்த்தார்.

"ருசி பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்" என்றேன்.