சகலை மாதிரி ஒரு கோட்

என் மனைவியின் தங்கை கணவர் கோட் போட்டு நின்றால், கல்யாண வீடியோக்காரர்கூட அவரையே சுற்றி வருவார். அகலத் தோள்காரனான எனக்கு வயிறு எரியும். போன வைகாசியில் மைத்துனனின் வரவேற்புக்காக, சகலையின் தையல்காரரிடமே போனேன்.

"ஏனுங்க, உங்களுக்குத் தோள் அகலமுங்க. கொஞ்சம் லூசா வெச்சுத் தைக்கட்டுங்களா?" என்றார் அவர்.

"வேண்டாமுங்க. எங்க சகலைக்கு இருக்கறாப்பல சிக்குனு இருக்கோணும்" என்றேன்.

அந்தக் கோட்டோடு, மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் அவிநாசிக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு லாரி சட்டென்று குறுக்கே திரும்பியது. ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பப் பார்த்தால், கோட் இறுக்கிப் பிடித்துக் கை வரவில்லை. லாரியை உரசாத குறையாகப் போய் ரோட்டோர மணல் குவியலில் விழுந்தோம். நல்லவேளை, சிராய்ப்போடு தப்பினோம். கோட் முதுகில் கிழிந்துவிட்டது.

மண்டபத்தில் சகலை ஓடிவந்து, தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார். அதன் தோள் தலையணை மாதிரி மெத்தென்றிருந்தது.

"பூராப் பஞ்சுங்கண்ணா. உங்களாட்டத் தோளு இருந்தா, இந்த வேக்காட்டுல நான் எதுக்கு இதைப் போடறேன்?" என்றார்.

இப்போது எது தைத்தாலும், இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தோளில் இறுக்கிப் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே வாங்கி வருகிறேன். பொறாமை அடியோடு போய்விட்டது என்று எழுதினால், அது பொய்.