விடாமல் அடித்த மணி

போன வாரம் வடபழனியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பையனின் போன் அடித்தது. இடைவெளியே இல்லாமல் டங் டங் என்று ஒரு கோயில் மணி, அதற்கடியில் நெஞ்சை இடிக்கிற பேஸ். எடுக்கலாமா வேண்டாமா என்று அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். அந்த மணியைப் பாட்டில் வைத்தவனே நான்தான். சொந்தப் பாட்டைக் கேட்டு நடுங்குகிற இசைக்காரன் சென்னையில் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. எப்போதும் பசை வாடை அடிக்கும். என் முதல் ஸ்டூடியோவில் அடித்தது கருவாட்டு வாடை. முட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த காலனி வீட்டின் பின்னறையில் அம்மா கருவாட்டுச் சாக்குகளை வைத்திருப்பாள். அவற்றையே சுவரோடு சேர்த்து அடுக்கிக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, நெத்திலிச் சாக்கு எதிரொலியை அப்படிக் குடிக்கும். கோட்டாறில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர், துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஹெட்போன், உடம்பில், தலைத்தொப்பி சேர்த்துத் தைத்த கம்பளிச் சட்டை. ஹிப் ஹாப் செய்கிறவன் வேறு எதைப் போடுவான்? "இந்த வேக்காட்டுல எதுக்குலே போர்வைய சட்டையா போட்டிருக்க?" என்று அப்பா கேட்பார். கேட்டுவிட்டு வள்ளத்தில் கடலுக்குப் போய்விடுவார்.

எங்கள் ஊர் மாதா கோயில் மணி எப்படி அடிக்கிறது என்பதை வைத்தே சேதி தெரியும். பூசைக்கு ஒரு மாதிரி, சாவுக்கு நிறுத்தி நிறுத்தி. விடாமல் அடித்தால் கடலில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஊர் கரைக்கு ஓடும். நான் பதிவுசெய்தது ஒரே ஓர் அடி, அதுவும் பூசை மணி. அதை வெட்டி லூப்பில் போட்டேன். ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடும், எங்கள் தொழிலில் பாதி அதுதான். அதுவரை நான் செய்ததிலேயே நல்ல பீட். அந்தச் சந்தோஷத்தில், ஊர் காதுக்கு அது என்ன மணி என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை.

ஆடி மாதத்து மத்தியானம். காற்றுக்குப் பயந்து பாதி வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. அப்பா போயிருந்தார். என் பீட்டுக்குப் பாடுகிற கூட்டாளி பிரிட்டோ மைக் செட் கடையில் வேலை பார்த்தான். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து எங்கள் மொட்டை மாடியில் ஏற்றினான். "பெருசுல கேட்டாத்தான் மக்கா நம்ம பீட்டு தெரியும்." முதலில் மணியை மட்டும் ஓடவிட்டேன். நான் கீழே சாக்குகளுக்கு நடுவில், ஹெட்போனோடு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிரிட்டோ ஓடிவந்து வயரைப் பிடுங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏலே, ஊரே கரைக்கு ஓடுகுலே."

வெளியே வந்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. எங்கள் படியில் அம்மாவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

கரைக்கு ஓடினேன். அம்மா தண்ணீருக்குள் கால் வைத்து நின்றாள். கை நிறைய மீன் செதில். "அம்மா, அது மணி இல்ல. என் பாட்டாக்கும்" என்றேன். அவள் திரும்பவில்லை. "ஒங்கப்பாவுக்க வள்ளத்தக் காணல்ல" என்றாள்.

மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பாவுடையது வரவில்லை. அப்படி நான் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் இல்லை. பொய்யாக மணியடித்து, அதை நானே நிஜமாக்கிவிட்டேன் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் படித்தவன்தான், ஆனாலும் தோன்றியது. அப்பா வந்தால் அதை அழித்துவிடுகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். வழியில் என்ஜின் நின்றுவிட்டதாம். கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குலே என்ன ஆச்சு?" என்று கேட்டார். பங்குச் சாமியார் முன்னால் நின்று ஊரிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அத அழிச்சிரு மக்கா."

அழித்தேன், கம்ப்யூட்டரிலிருந்து. பென் டிரைவில் இருந்ததைத் தொடவில்லை.

சென்னைக்கு வந்து கதவு கதவாகத் தட்டினேன். ஓர் இசையமைப்பாளர் என் பீட்டுகளைக் கேட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தார். இனி போட ஒன்றுமில்லை என்ற நிலையில் மணியைப் போட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத எங்க பிடிச்சீங்க தம்பி?" அப்படித்தான் சினிமாவுக்குள் வந்தேன். அந்த மணியை வைத்துச் செய்த பாட்டு பெரிதாக ஓடியது. எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் தினமும் மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டு, "அப்பா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாசக்காரப் பிள்ளை என்று ஊரில் பெயர். நேர்ச்சையை முறித்தவனின் பயம் அது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, வடசேரியில் அம்மாவோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். மணி தொடங்கியதும் அம்மா சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பிறகு மெதுவாக உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "அழிக்கல்லியா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முட்டம் வரும்வரை அவள் ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசியில் அப்பாவைக் கடல் எடுக்கவில்லை. சர்க்கரை முற்றி, வீட்டுக் கட்டிலில்தான் போனார். மறு வருடம் அம்மாவும் போய்விட்டாள். பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். மணியை இறக்கிவிட்டார்கள். இப்போது ஸ்பீக்கரில் பதிவுசெய்த மணி, நேரம் வந்தால் தானே அடித்துத் தானே நிற்கும். கடலில் ஏதாவது என்றால் போனுக்குச் செய்தி வருகிறது. யாரும் செருப்பை விட்டுவிட்டு ஓடுவதில்லை.

டீக்கடைப் பையன் ஒருவழியாகப் போனை எடுத்து, "சொல்லும்மா" என்றான். மணி நின்றது. அதற்குள் என் கை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அம்மாவின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தது, அப்பா வந்தாச்சா என்று கேட்க.