எஞ்சாமி போயிருச்சே

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிர் நூல் வெட்டிப் பிழைத்தவள் லேயாள். எண்பத்தெட்டாம் வருசம் அவளுடைய ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். அதன்பின் ஜெபக்கூடத்தில் முழங்கால் போட்டாலே, "எஞ்சாமி போயிருச்சே, எஞ்சாமி" என்றுதான் அழுகை வரும். பெற்ற பிள்ளையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கொஞ்சுவார்கள்.

தெற்கேயிருந்து தீர்க்கதரிசி என்று வந்தவர் ஒருவர் அந்த அழுகையைக் கேட்டார். கூட்டத்தின் நடுவே அவள் தலையில் கைவைத்து, "கர்த்தர் எனக்குக் காட்டுகிறார்! இவள் வீட்டில் ஒரு சாமியை ஒளித்து வைத்திருக்கிறாள். அதனால்தான் அங்கே சாவு வந்தது!" என்று முழங்கினார்.

வீட்டுக்கு வந்த லேயாள் அரிசிப் பானையைக் கவிழ்த்தாள், பெட்டியை உதறினாள். ஒன்றுமில்லை. ஆனாலும் கை நிற்கவில்லை. பிள்ளை தன்னால்தான் போனானோ?

பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, என்னத்தத் தேடறீங்க?"

லேயாள் நடந்ததைச் சொன்னாள்.

"அட, சாமி வேணும்னா எங்கூட்டுல நாலு இருக்குது, வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க பையனைச் சொன்னீங்க, அந்த மனுசனுக்கு அது வெளங்கலீங்க்கா."

லேயாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவருக்கு வெளங்கல, செரி கண்ணு. கர்த்தருக்குக்கூடவா நம்ம பேச்சு தெரியாது?"

தீர்க்கதரிசி சொன்னது பொய் என்று தெரிந்துபோயிற்று. ஆனாலும் அவர் முழங்கிய குரல் அவள் காதைவிட்டு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் அழுதாள். அந்தப் பெயர் யாரோ வேறொருத்தி பெற்ற பிள்ளையுடையது போலிருந்தது.