வெர்னாவுக்குப் பதில் தட்டியது யார்

வெர்னா கால்டருக்கு இடுப்பெலும்பு முறிந்தது மலையில் அல்ல. பெருங்காலனைத் தேடி நாற்பது வருடம் பள்ளத்தாக்கெல்லாம் ஏறி இறங்கியவள், தன் வீட்டுக் குளியலறையில் ஈரமான கால்மிதியில் வழுக்கி விழுந்தாள். இருபத்தெட்டு வருடம் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்துப் பிழைத்தவள் நான். கரடி தள்ளி விழுந்தவர் ஒருவரையும் பார்த்ததில்லை. கால்மிதியால் விழுந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது.

ஜூன் கடைசியில் அவளைப் பார்த்துக்கொள்ள, வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து மார்ஜ் என்கிற என்னை அனுப்பினார்கள். அவளுக்கு எழுபத்தாறு, எனக்கு எழுபத்தொன்று. சரளைச் சாலையின் கோடியில் நீளமான தகர வீடு. உள்ளே நுழைந்ததும் பார்த்தேன்: சுவர் முழுக்க மலை வரைபடம், குளிர்பதனப் பெட்டியின் மேல் வரிசையாக மாவுக்கட்டுச் சுண்ணாம்பில் வார்த்த பாத அச்சுகள். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

"நீ இதை நம்புறவளா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள்.

"நான் காலுறை மாட்டிவிட வந்தவ. காலை நீட்டு."

"அப்பாடா. போன வாரம் வந்தவ நம்புறேன் நம்புறேன்னு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தா. கழுத்து சுளுக்கியிருக்கும்."

எங்கள் மலையடிவாரத்தில் பெருங்காலனைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. உலகம் பிக்ஃபுட் என்று சொல்லும், மனிதன்போல் இரண்டு காலில் நடக்கிற அந்த மயிரடர்ந்த பிராணிதான். பெட்ரோல் நிலையத்தில் அவன் பொம்மை நிற்கும், அதன் கையில் யாராவது காலி பீர் டப்பாவைச் செருகி வைத்திருப்பார்கள். பார்த்ததாகச் சொல்பவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஆனால் பார்த்ததை அலுவலகத் தாளில் எழுதிக் கொடுத்தவள் வெர்னா ஒருத்திதான். வினை அங்கேதான் வந்தது.

அவள் அப்போது பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். 1981 நவம்பர், பனிமூட்டமான காலை. பின்னால் பத்தொன்பது குழந்தைகள். ஒன்பதாவது மைல் கல்லருகே ஓர் உருவம் மூன்றே எட்டில் சாலையைக் கடந்து போனது. வெர்னா வண்டியை நிறுத்திவிட்டாள். நான்கு நிமிடம் நிறுத்தியபடியே இருந்தாள். குழந்தைகளெல்லாம் கடைசி இருக்கையில் நடந்த ஒரு சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வெளியே பார்க்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் எழுதும் தாளில் அவள் கண்டதைக் கண்டபடி எழுதினாள். "மான்னு எழுதிடு வெர்னா, விஷயம் முடிஞ்சிடும்" என்றார் மேலாளர். அவள் எழுத மறுத்தாள். பேருந்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவ விட்டார்கள். ஓய்வு பெறும்வரை தட்டுத்தான். மளிகைக் கடையில் இன்றுகூட ஏதாவது ஒரு கிழவன், "வெர்னா, இன்னிக்கு எத்தனை மான்?" என்று கேட்கிறான். அவளும் "உன்னைச் சேத்தா ஒண்ணு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். வண்டியில் ஏறிய பிறகு வீடு வரும்வரை பேச மாட்டாள்.

பெருங்காலனைப் பிடிப்பது அவள் நோக்கமல்ல, படமெடுப்பதும் அல்ல. தான் பொய் சொல்லவில்லை என்று சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஒரு சாட்சிக்காகத்தான் நாற்பது வருடமும்.

அவள் வேலைமுறை இது. மே மாதம் பனி உருகியதிலிருந்து நவம்பரில் மறுபடி பனி மூடும்வரை, சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் மலைச்சாலையின் முடிவுக்குப் போவாள். அங்கிருந்து பத்து நிமிடம் ஏறினால் ஒரு பழைய தேவதாரு. பேஸ்பால் மட்டையால் அதை மூன்று முறை தட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் அசையாமல் நிற்பாள். பெருங்காலன்கள் மரத்தைத் தட்டித்தான் ஒன்றையொன்று கூப்பிடுமாம். தேடுகிறவர்கள் எல்லோரும் சொல்வது அது. பதில் வந்தால் தேதி, நேரம், திசை, எத்தனை தட்டு என்று நோட்டில் எழுதுவாள். வராவிட்டால் "ஒன்றுமில்லை". தட்ட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம், நோட்டில் நாற்பத்தொரு பதில்கள் இருந்தன.

"நாப்பத்தொண்ணு, மார்ஜ். பேருந்துல பாத்தது ஒரு தடவை. அதைக் கண் மயக்கம்னு சொல்லலாம். நாப்பத்தொண்ணையும் காது மயக்கம்னு சொல்ல முடியுமாடி?"

செப்டம்பரில் அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனால் மலை ஏற முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை, பயிற்சி செய்யச் சொன்னால் காலைத் தூக்காமல் படுத்துக் கிடந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். மட்டையைக் காட்டினாள். பத்து நாள் பயிற்சியை முணுமுணுக்காமல் செய்வதாக இருந்தால் நான் போய்த் தட்டுகிறேன் என்றேன். சின்னப்பிள்ளைகளிடம் பேரம் பேசுவது மாதிரிதான். வேலை நடந்தது.

மறுநாள் அவளைப் பிக்கப் வண்டியில் கம்பளியைச் சுற்றி உட்கார வைத்துவிட்டு நான் ஏறினேன். மூன்று தட்டு. ஆறாவது நிமிடம், முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது. கை மயிர் சிலிர்த்தது. அதை மறைக்க மாட்டேன். கீழே வந்தால், வெர்னா கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். தலையை உள்ளே இழு, குளிருது."

அடுத்த சனிக்கிழமையும் அதேபோல் மூன்றுக்கு மூன்று. திரும்பும் வழியில் எனக்குப் பழைய வேலையிடத்து ஞாபகம் வந்தது. முதியோர் இல்லத்தில் பக்கத்து அறைகளில் இரண்டு பாட்டிகள். இருவரும் தினமும் என்னிடம் புகார் சொல்வார்கள், பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டித் தூங்கவிடாமல் செய்கிறாள் என்று. ஒருத்தி 'சத்தம் போடாதே' என்று தட்ட, அதற்கு மற்றவள் 'நீ போடாதே' என்று தட்டியிருக்கிறாள். இரண்டு மாதம் ஓடியது அந்த யுத்தம்.

ஆகவே மூன்றாவது சனிக்கிழமை, வெர்னாவிடம் சொல்லாமல், நான்கு தட்டினேன். கொஞ்சம் விட்டு ஒன்று. பிறகு இரண்டு. பதில் வந்தது: நான்கு, ஒன்று, இரண்டு.

மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முகட்டை நோக்கி ஏறினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. உச்சியில் ஹக்கிள்பெரிப் புதர்களுக்கு நடுவே அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். கையில் கோடாலிக் காம்பு. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, கேட்டீங்களா? நாலு, ஒண்ணு, ரெண்டு! எண்ணத் தெரியுதுங்க அதுக்கு! பதினோரு வருஷமா மூணைத் தவிர வேற தட்டினதில்ல. ஜூன்லேருந்து சத்தமே இல்லியா, செத்துப்போச்சோன்னு நெனச்சேன்..."

அப்போதுதான் அவர் என் தோளிலிருந்த மட்டையைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த காம்பைப் பார்த்தேன்.

"அது சாகலைங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு கிடந்துச்சு" என்றேன்.

அவர் அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெயர் ஹார்லன் டூலி. மர ஆலையில் ரம்பம் தீட்டியவர், மனைவி போனபின் முகட்டுக்கு வடக்கே ஓடையோரம் குடி வந்தவர். முடிந்த சனிக்கிழமைக் காலைகளில் அவரும் முகட்டின் பாதிவரை ஏறி நிற்பாராம். தெற்கிலிருந்து மூன்று தட்டு வரும். அவர் மூன்று தட்டிப் பதில் சொல்வார். எழுதி வைப்பார்.

நோயாளியிடம் பொய் சொல்லக்கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லும் நேரத்தை வேண்டுமானால் நாம் தேர்ந்துகொள்ளலாம். வண்டிக்குத் திரும்பியதும், அவள் மாத்திரையைப் போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்து, சொன்னேன்.

வெர்னா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆம்பளையா?" என்றாள்.

"ஆமா. ஹார்லன்னு பேரு."

"அப்ப எல்லாம் மான்தான்."

 இரண்டு நாள் பயிற்சி செய்யவில்லை, சூப்பைத் தொடவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. பாத அச்சுகளை எடுத்து அட்டைப்பெட்டியில் போடச் சொன்னாள். "அதுக்கெல்லாம் என் முதுகு ஆகாது" என்று நான் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை, காப்பி கொடுக்கும்போது கேட்டாள்: "அந்தாள் நோட்டு எழுதுவானா?"

"எழுதுவாராம்."

"நேரம் போட்டா, சும்மாவா?"

"அதை நான் கேக்கல."

"என்னத்தைத்தான் கேட்ட? கூப்பிடு அவனை."

ஹார்லன் நன்றாகச் சவரம் செய்துகொண்டு, புகைபோட்ட மீன் ஒரு பொட்டலமும் இரண்டு நோட்டுகளுமாக வந்தார். வெர்னா அவருக்குக் கைகூடக் கொடுக்கவில்லை.

"நீங்கதான் என் பெருங்காலனா?"

"நீங்கதான் என்னோடதுங்களா? கொஞ்சம் உயரமா நெனச்சிருந்தேன்."

வெர்னாவின் வாய் ஓரம் ஆடியது. ஆனாலும் சிரிக்காமல் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

மேசையில் நோட்டுகளை விரித்தார்கள். அவள் தேதி படித்தால் அவர் தேடிப்பார்த்து, "ஆமா, ஆறு அம்பது, நான்தான்" என்பார். அவள் அந்த வரியை அடிப்பாள். ஒவ்வொரு கோட்டையும் அளவுகோல் வைத்து நேராக அடித்தாள். முப்பத்து நான்கு போயின. ஏழு மிஞ்சின. நிம்மதி என்று நினைத்தேன். அவள் விடவில்லை. "இது ஹார்லன் வர்றதுக்கு முந்தின வருஷம், அப்ப அந்தப் பக்கம் மரம் வெட்டுற ஆளுங்க இருந்தாங்க. அடி. இது காத்து அடிச்ச அன்னிக்கு. அடி. இது மரங்கொத்தியா இருக்கலாம்னு நானே அன்னிக்கு எழுதியிருக்கேன்." இப்படித் தானே தன் நோட்டைக் கொன்றுகொண்டு வந்தாள். எனக்கு அவள்மேல் முழு மரியாதை வந்தது அந்த அரை மணி நேரத்தில்தான்.

கடைசியில் ஒன்று நின்றது. ஐந்து வருடத்துக்கு முந்தைய அக்டோபர்.

"பதினாலாம் தேதி. ஆறு நாப்பது. டயர் பஞ்சராகி வண்டிக்கிட்டயே நின்னேன், மரத்துக்கே போகல. நான் தட்டல. ரெண்டு தட்டு. வடகிழக்கு."

ஹார்லன் பக்கத்தைப் புரட்டினார். விரலால் வரியைத் தொட்டார். பிறகு நோட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். நானும் எட்டிப் பார்த்தேன். 'அக். 14. காலை 6.41. கையில் தையல், கோடாலிக் காம்பு எடுக்கவில்லை. இரண்டு தட்டு. தென்கிழக்கு.'

வெர்னா வாக்கரை மறந்து எழுந்து நின்றாள். நான் பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். சுவர் வரைபடத்தில் தன் இடத்திலிருந்து வடகிழக்காக ஒரு கோடு போட்டாள். ஹார்லன் தன் இடத்திலிருந்து தென்கிழக்காகப் போட்டார். இரண்டும் முகட்டின் கிழக்குக் கோடியில், சின்ன ஏரி ஒன்றுக்கு மேலே வெட்டிக்கொண்டன. அங்கே சாலை இல்லை.

"ஹார்லன், இதை எழுதினப்ப நான் ஒருத்தி இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பவே முழுசா நம்ப முடியலைங்க."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க."

"என் நோட்டுல, அந்த வரிக்குப் பக்கத்துல, கையெழுத்துப் போடுங்க. தேதியும் போடுங்க."

அவர் போட்டார். அவள் மை காயும்வரை ஊதினாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு அந்த மீனைப் பிரிக்கச் சொன்னாள்.

பாறை இரண்டு தரம் துள்ளி உருண்டிருக்கலாம் என்றேன் நான். வேட்டைக் காலம்தான் அது, யாராவது கூடார முளை அடித்திருக்கலாம். "மூணாவதா ஒரு கிழம் அங்க மட்டையோட நிக்குதோ என்னவோ."

"நின்னா நிக்கட்டும். அதுகிட்டயும் நோட்டு இருக்கும்ல" என்றாள் வெர்னா, வாய் நிறைய மீனோடு.

அந்தச் சனிக்கிழமை யாரும் தட்டுவதில்லை என்று முடிவாயிற்று. மட்டையும் வேண்டாம், காம்பும் வேண்டாம், கேட்பது மட்டும். ஹார்லன் சுற்றுவழியாக வந்து எங்கள் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். வெர்னா நடுவில். ஆறிலிருந்து எட்டுவரை மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தோம். மழை பிடித்தது, என் இடது தோள் நனைந்தது. தூரத்தில் ஒரு காகம் கத்தியது.

எட்டு மணிக்கு வெர்னா நோட்டைத் தொடையில் வைத்து "ஒன்றுமில்லை" என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஹார்லனிடம் நீட்டினாள், அவரும் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் உன்னைப் பாத்துக்கிற ஆள்தானே?" என்றேன்.

"காது இருக்குல்ல? போடு."

போட்டேன்.