ரெண்டாவது படத்தில் வந்த கறுப்பு

ஸ்கேன் சென்டர் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவளை யாரும் நம்புவதில்லை. கவுன்டர் வேலை பார்த்துக் காய்ந்துபோன என் இனத்தாருக்கு இதை விளக்கிச் சொல்லவா வேண்டும்? பி.யு.சி. பரீட்சை முடிந்த கையோடு பெங்களூர் அல்சூரில் இந்த வேலையில் சேர்ந்தேன். யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன். டீக்கடையில் நிற்கும் டெக்னீஷியன் மஞ்சுநாத்தை, ஸ்கேன் படம் பார்க்கும் எங்கள் டாக்டரம்மா குரலில் கூப்பிட்டு ஓடிவர வைப்பதுதான் என் தினசரி உடற்பயிற்சி.

வெயிலில் பிடித்த படம்

ஸ்ரீராம்புரத்து ஆட்டோ டிரைவர் குமாருக்கு ஒரு காலையில் வலது கை விழுந்து, பேச்சும் நின்றுபோனது. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து தலை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கூடவே மனைவி தனம் அக்காவும் அக்காவின் அண்ணனும் வந்தார்கள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்த முதல் சில மணி நேரத்தில் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். அண்ணன் கவரிலிருந்து படத்தை உருவி, வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு படமா? எங்களப் பாத்தா எப்படிம்மா தெரியுது?"

மைக்கில் வந்த மனைவி

ரெண்டு நாளில் குமார் மயக்கம் போலச் சரிந்துவிட, திரும்பவும் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இது கமிஷன் வேலைதான் என்று அண்ணன் வரிசையில் நின்ற எல்லோருக்கும் சொன்னார். அவர் கையிலிருந்த ஒயர் கூடைக்குள் ஏதோ குனுகியது. எட்டிப் பார்த்தேன், புறா. பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்கிற ஆள் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறாராம், ஸ்கேன் முடிந்ததும் நேரே அங்கேதானாம்.

உள்ளே குமார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். படம் கலங்கிக் கலங்கி வந்தது. மஞ்சுநாத் கன்னடத்தில் கெஞ்சினார், தமிழில் மிரட்டினார். நான் உள்ளே போய் அவரிடமிருந்து மைக்கை வாங்கி, தனம் அக்கா குரலில், "என்னங்க, கொஞ்ச நேரம் ஆடாம படுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். தலை அப்படியே நின்றது.

வெளியே வந்ததும் தனம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாப்பா, நான் வாயே தொறக்கல. உள்ள என் குரல் எப்படிக் கேட்டுச்சு?"

புறாவுக்கு விடுதலை

இந்த முறை படத்தில் ஒரு பக்கம் கறுப்பாகத் தெரிந்தது. அண்ணன் ரெண்டு படத்தையும் ட்யூப்லைட்டில் ஒட்டிப் பிடித்து, "முதல்ல சுத்தமா இருந்துச்சு. உங்க மிஷின்தான் கருக்கிடுச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். குமாரை உடனே புறா ரத்தம் தேய்க்கிறவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றார்.

டாக்டரம்மா தனம் அக்காவிடம் மட்டும் பேசினார். "அடைச்ச எடத்துல செத்துப்போன பகுதிய சுத்தம் பண்ண ரத்தத்துலேருந்து வெள்ளை அணுங்க வருதும்மா. வர்ற வேகத்துல நல்லா இருக்கிற குழாய்ச் சுவரையும் அரிச்சிடுது. மூளைக்குள்ள போற குழாய் வழக்கமா எதையும் சுலபமா வெளிய விடாது. இப்ப ஒழுகுது, மூளை வீங்குது. அதே அணுங்கதான் அப்புறம் ரிப்பேருக்கும் உதவும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிய விட்டு நகத்தினா உயிருக்கே ஆபத்து."

தனம் அக்கா டாக்டரம்மாவை நம்பினாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. புறாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"திருடன்னு கூப்பிட்டா வந்த போலீசு வீட்டுக்காரனையே அடிக்குது. சரி, அடிச்சு ஓயற வரைக்கும் ஆஸ்பத்திரிலயே இருக்கோம். அண்ணே, அந்தப் புறாவ விட்டுடு."

குமாரின் விசாரணை

சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்குக் குமார் நடந்தே வந்தார். கால் கொஞ்சம் இழுத்தது. வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. தனம் அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, கவுன்டரில் சாய்ந்து என்னை முறைத்தார்.

"அன்னிக்கு மைக்ல... அவ இல்ல. அவ என்னை... யோவ்னுதான் கூப்பிடுவா. யாருடா இவ்ளோ மரியாதையா பேசறதுன்னுதான்... ஆடாம கேட்டுட்டிருந்தேன்."

ஆள் சந்தேகப்பட ஆரம்பித்தால் மூளை தேறிவிட்டது என்று மஞ்சுநாத் இப்போதெல்லாம் படம் பார்க்காமலே சொல்லிவிடுகிறார்.