ஈரக் கட்டையும் காய்ந்த கட்டையும்

அவள் வந்த முதல் நாளே என் அரத்தை எடுத்தாள். கேட்டுத்தான் எடுத்தாள். “அக்கா, இத கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?” என்றாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அக்கா என்று கூப்பிடச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த மரக்கிடங்கு அது. அங்கே நான் முதலில் பதிவேடு எழுதத்தான் சேர்ந்தேன். எந்த ரம்பம் எத்தனை கட்டை அறுத்தது, எத்தனையாவது பல் உடைந்தது, இங்கிலாந்து எஃகு எத்தனை நாள் கூர் நின்றது, சுவீடன் எஃகு எத்தனை நாள் நின்றது என்று கட்டம் போட்டு எழுதுவேன். பிறகு சீமையிலிருந்து தபாலில் வரும் தொழிற்பாடத்தில் சேர்ந்தேன். புத்தகங்களைப் படித்து, ரம்பப் பற்களின் படம் வரைந்து அனுப்பி, சான்றிதழ் வாங்கினேன். அதைப் பார்த்தபின்தான் கிடங்கின் முதலாளியான சீனத் தவுக்கே ஜன்னலோர வேலைப்பலகையையும், ரம்பங்களுக்குக் கூர் போடும் அரங்களையும் என் பொறுப்பில் விட்டார். பட்டணத்தில் வேறு எந்தப் பெண்ணும் அந்த வேலை செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அவள் கிள்ளானில், கடலோரச் சேற்றில் வளரும் பாக்காவ் மரத்தை விறகுக்கு வெட்டுகிறவர்களின் ரம்பங்களுக்குக் கூர் போட்டவள். எழுதப் படிக்கத் தெரியாது. வேலை அதிகமானதால் தவுக்கே அவளையும் சேர்த்துக்கொண்டார். அளவுகோல் வைக்க மாட்டாள். கட்டைவிரலைப் பற்களின் மேல் மெல்ல ஓட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அவளிடம் என்னால் பொறுக்க முடியாதவற்றை ஒரு நாள் மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடுவது. என் சாப்பாட்டுத் தூக்கைக் கேட்காமலே கழுவி வைப்பது. ஐந்து அடி ரம்பத்தை நான் முடிப்பதற்கு முன் முடிப்பது. கடைசியாக, சாலாக் செலாத்தானிலிருந்து வரும் இரண்டு அறுப்புக்காரர்களும் காலையில் நேராக அவளிடம் போவது.

அவர்கள் அண்ணன் தம்பி. இருபுறமும் கைப்பிடி உள்ள பெரிய ரம்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். தம்பிக்கு வாய் அதிகம். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான்.

“தங்கச்சி போட்ட ரம்பம் பாட்டு பாடுது. டீச்சர் ரம்பம் கணக்கு போடுது லா. ஒவ்வொரு இழுப்புக்கும் யோசிக்குது.”

நான் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு முகத்தில் வலித்தது.

ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் செங்கால் மரக் கட்டைகளுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வரவிருந்தது. தவுக்கே எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும்.

“ரெண்டு ஆள் ஒரே வேலை வேணாம் லா. ஒரு ஆள் பல்லு போடு. ஒரு ஆள் பின்னாடி பலகை எண்ணு. சனிக்கிழமை அறுத்துப் பாக்கலாம்.”

பின்னாடி என்றால் ஜன்னல் இல்லாத கொட்டகை.

ஒரே பெட்டியிலிருந்து, ஒரே எஃகில், இரண்டு புது ரம்பங்கள் வந்தன. ஆளுக்கொன்றுக்குக் கூர் போட்டோம். என்னுடையது ஒன்றாம் எண், அவளுடையது இரண்டு. பதிவேடு என்னிடம் இருந்ததால் கட்டைகளைத் தேர்ந்தெடுத்து எண் போடும் வேலையும் எனக்கே வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரே சுற்றளவுள்ள இரண்டு செங்கால் கட்டைகளைக் கண்டேன். ஒன்று கூரைக்கு அடியில் நெடுநாள் கிடந்து காய்ந்து, முனையில் வெடித்திருந்தது. மற்றது அந்த வாரம் ஆற்றிலிருந்து இழுத்துப் போட்டது. இன்னும் நீர் சொட்டியது. ஈரமரத்தின் நார் ஊதி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும், காய்ந்த மரத்தில் ரம்பம் தடையில்லாமல் ஓடும் என்று என் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். காய்ந்ததில் சாக்கட்டியால் ஒன்று என்று எழுதினேன். ஈரத்தில் இரண்டு என்று எழுதினேன். சுற்றளவு சமம் என்று பதிவேட்டில் குறித்தேன். அது உண்மைதான், நூல் வைத்து அளந்திருந்தேன். ஈரத்தைக் குறிக்க என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

சனிக்கிழமை தம்பி என் கட்டையைத் தட்டிப் பார்த்தான்.

“டீச்சர், இதையா உங்களுக்கு எடுத்துக்கிட்டீங்க?”

“ஆமா.”

“துணிச்சல்தான் போங்க.”

வழக்கமான கேலி என்று நினைத்தேன்.

என் ரம்பம் நான்கு விரல் ஆழம் இறங்குவதற்குள் கிறீச்சிடத் தொடங்கியது. மாவு போல் தூள் விழுந்தது. கருகல் வாடை வந்தது. இருவரும் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். நான் இழுப்புகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். முந்நூறைத் தாண்டியபோது எண்ணும் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவளுடையது அதில் பாதி இழுப்பில், மரத்தூளை நீள நீளச் சுருளாகத் துப்பிக்கொண்டு, கட்டையை இரண்டாக்கியது.

அந்தப் புத்தகம் பைன் மரம் வளரும் குளிர்நாட்டில் எழுதப்பட்டது. செங்கால் காய்ந்தால் இரும்பாகிவிடும் என்பது அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். எதற்குக் கேட்கிறேன் என்று தெரிந்துவிடுமே என்றுதான் நான் கேட்கவில்லை.

அவள் அறுபட்ட இரண்டு கட்டைகளையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு தவுக்கேயிடம் போனாள்.

“இது செல்லாது தவுக்கே. அக்கா எனக்கு பச்சக் கட்டய விட்டுக் குடுத்துட்டு, அவங்க இரும்ப எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் மறுபடி கூர் போடறோம். திங்கக்கிழம கட்டய மாத்தி அறுக்கட்டும்.”

“டீச்சருக்குப் பெரிய மனசு” என்றார் அண்ணன். அவர் என்னைப் பாராட்டியது அது ஒரு முறைதான். தம்பிகூடக் கேலி செய்யவில்லை.

தவுக்கே என்னைப் பார்த்தார். “மாத்தலாம் லா. நீ சொல்லு.”

எனக்கு வேண்டியது அதுதான். ஈரக் கட்டை எனக்கு, இரும்பு அவளுக்கு. ஆனால் அதிலும் அவள் ஜெயித்தால்? இப்போதைக்குத் தோற்றது கட்டை. திங்கட்கிழமை தோற்றால், அது என் கையாக இருக்கும்.

“வேண்டாம்” என்றேன். “அறுத்தது அறுத்ததுதான்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கொட்டகையில் பலகை எண்ணுகிறேன். பதிவேட்டில் மரத்தின் ஈரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். சுவருக்கு அப்பால் அவள் கூர் போட்ட ரம்பங்கள் கேட்கும். அறுபடுவது ஈரக் கட்டையா காய்ந்ததா என்று சத்தத்திலேயே இப்போது எனக்குத் தெரிகிறது. காய்ந்தது வரும்போது எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். சில நாள் கிறீச்சிடுகிறது. அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்குகிறது.